சாலையில் யாருக்கு அவசரம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு வாசகர், வண்டி ஓட்டும்போது பொத்துக்கொண்டு வரும் கோபத்துக்கு வழி கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டிருந்தோம். அது போதாது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாலையைப் பற்றித்தான். அடுத்தவரைத் திட்டி எழுதியவர்கள் ஏராளம். தான் திட்டு வாங்கியதாக எழுதியவர் ஒரே ஒருவர், அவருக்கும் கீழே பதில் உண்டு.

கேள்வி: பச்சை விழுந்த அடுத்த நொடியே பின்னாலிருந்து ஹாரன் அலறுகிறது. நான் என்ன தூங்கிக்கொண்டா இருக்கிறேன்? என்னுடையது பழைய சின்ன கார். இதுவே பெரிய பளபளப்பான காராக இருந்தால் இப்படி அடிப்பார்களா?
— பழைய கார் வைத்திருக்கும் வாசகர்

பதில்: குறைவாகத்தான் அடிப்பார்கள் சார், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆண்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் செய்த சோதனை, 1968-இல் வெளியானது. சிக்னலில் வேண்டுமென்றே ஒரு காரை நிறுத்திவிட்டு, பச்சை விழுந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். சில தடவை புத்தம்புதிய விலையுயர்ந்த கார், சில தடவை உங்களுடையதைப் போல அடிபட்ட பழைய கார். 12 நொடிக்குள் விலையுயர்ந்த காரைப் பார்த்து ஹாரன் அடித்தவர்கள் பாதிப் பேர்தான். பழைய காருக்கு 84 சதவீதம் பேர்! இரண்டு பேர் ஹாரன் அடிக்கக்கூடப் பொறுமையில்லாமல் பின் பம்பரில் வந்து இடித்தே விட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. வேறு சில மாணவர்களிடம் "நீங்களாக இருந்தால் எந்தக் காருக்கு முதலில் ஹாரன் அடிப்பீர்கள்?" என்று கேட்டபோது, பையன்கள் எல்லாம் வீரமாக, பணக்காரக் காருக்குத்தான் சீக்கிரம் அடிப்போம் என்றார்களாம். நிஜத்தில் நடந்ததோ நேர்எதிர். ஆக, "என்னை அறியாமல் கோபம் வந்துவிட்டது, கை தானாகப் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிரே யார் என்று பார்த்து, எடை போட்டுத்தான் அந்தக் கை போகிறது.

பின்னால் ஹாரன் அடிக்கிறவரின் அவசரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் நிற்கும் வரிசையில் ஒவ்வொரு வண்டியும் முன்னதுக்கு ஏறத்தாழ 2 நொடி கழித்துத்தான் கோட்டைத் தாண்டும், எத்தனை ஹாரன் அடித்தாலும் அதுதான் கணக்கு. பத்தாவதாக நிற்பவர் 20 நொடி காத்திருந்தே ஆகவேண்டும். முதல் ஆளை விரட்டுவதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதே 1968-இல்தான் வியன்னாவில் சாலைப் போக்குவரத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் உருவானது, அதில் ஹாரனுக்கு ஒதுக்கியிருக்கும் வேலை விபத்தைத் தவிர்க்க எச்சரிப்பது, ஊருக்கு வெளியே முந்தும்போது முன்னால் போகிறவருக்குத் தெரிவிப்பது, அவ்வளவுதான். சலிப்பைத் தெரிவிப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

கேள்வி: என் கணவர் வீட்டில் சாது. யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து புதுப்புது வசவுகளைக் கற்றுக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
— பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயப்படும் வாசகி

பதில்: உங்கள் கடிதம் மாதிரி இன்னும் பல வந்திருக்கின்றன அம்மா, ஒன்றில் மட்டும் மனைவி ஓட்டுகிறார், கணவர் பயப்படுகிறார்.

கடைவாசலில் ஒருவர் தெரியாமல் உங்கள் கணவரின் காலை மிதித்துவிட்டால் என்ன நடக்கும்? அவர் "அடடா, மன்னிச்சுக்குங்க" என்பார், இவர் "பரவாயில்லை" என்பார், முடிந்தது. சாலையில் அந்த "அடடா"வுக்கு வழியே இல்லை. முகம் தெரியாது, குரல் கேட்காது, தெரிவதெல்லாம் ஒரு பின்பக்கத் தகடும் இரண்டு சிவப்பு விளக்குகளும். இண்டிகேட்டர் போட மறந்தவரும், வேண்டுமென்றே குறுக்கே புகுந்தவரும், மருத்துவமனைக்கு ஓடுகிறவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். எது என்று தெரியாதபோது நாம் எப்போதும் மோசமான காரணத்தையே எடுத்துக்கொள்கிறோம், அதுவும் மற்றவருக்கு மட்டும். நாம் குறுக்கே புகுந்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

தன்னைப் பற்றிய நினைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் ஆய்வாளர், ஓட்டும் திறமையில் உங்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள், சுவீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம், 69 சதவீதம். மேல்பாதியில் 50 சதவீதம் பேருக்குத்தான் இடம் இருக்கிறது. மீதிப் பேர் எங்கே உட்காருவார்கள்?

இனி நீங்கள் செய்யவேண்டியது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அவரைத் திருத்தாதீர்கள், "மெதுவா போங்க" என்று சொன்னால் எதிரே ஓர் எதிரி, பக்கத்தில் ஓர் எதிரி என்று ஆகிவிடும். வீட்டில், வேறு ஒரு நாள், சாவகாசமாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 10 கிலோமீட்டர் தூரத்தை 60 வேகத்தில் போனால் 10 நிமிடம், 80-இல் விரட்டினால் ஏழரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடம், அதுவும் வழியில் எங்கேயும் நிற்காமல் போனால். இரண்டு சிவப்பு விளக்கில் அது கரைந்துவிடும், முந்திப் போனவரும் முந்த விட்டவரும் அதே சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அப்புறம், ஒரு கால் மணி முன்னதாகக் கிளம்பிப் பாருங்கள். கோபத்தில் பாதி, தாமதமாகக் கிளம்பியதன் கோபம். வசவு கற்ற பிள்ளைகளுக்கு எங்களிடம் மருந்து இல்லை.

கேள்வி: புதிதாக உரிமம் வாங்கியிருக்கிறேன். சரியான வேகத்தில்தான் போகிறேன், ஆனாலும் பின்னால் வருகிறவர்கள் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். கண்ணாடியில் பார்த்தாலே கை நடுங்குகிறது. ஒரு நண்பர், லேசாக பிரேக்கைத் தட்டிப் பயமுறுத்தச் சொன்னார். செய்யலாமா?
— புதிய ஓட்டுநர்

பதில்: செய்யவே செய்யாதீர்கள். அந்த நண்பரை வேறு விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஒட்டி வருகிறவருக்கு அந்த ஒரு நொடிக்கான இடமே இல்லை, அவர் எவ்வளவு சூரராக இருந்தாலும் சரி. நீங்கள் பயமுறுத்தத் தட்டுகிற பிரேக் அவரை உங்கள் டிக்கிக்குள் கொண்டுவந்துவிடும். அதற்காகத்தான் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்று பல நாடுகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள், இரண்டு நொடி ஆவதற்குள் நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

சரி, பின்னால் ஒட்டுகிறவரை என்ன செய்வது? அவருடைய இடைவெளி உங்கள் கையில் இல்லை. உங்களுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி உங்கள் கையில் இருக்கிறது, அதைக் கூட்டுங்கள். முன்னால் இடம் நிறைய இருந்தால் நீங்கள் சடக்கென்று பிரேக் போடவேண்டி வராது, மெதுவாகக் குறைக்கலாம், அந்த அவகாசம் பின்னால் வருகிறவருக்கும் சேர்த்துத்தான். அவருக்குப் பயந்து வேகத்தைக் கூட்டாதீர்கள், கூட்டினால் அந்த வேகத்திலும் ஒட்டிக்கொண்டுதான் வருவார். சாலை அகலமாகிற முதல் இடத்தில் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி, போகவிட்டுவிடுங்கள். தோற்றுப்போன மாதிரி இருக்கும். இருக்கட்டும், அவர் இனி உங்களுக்கு முன்னால் போகிறார், அங்கே இருந்து உங்களை இடிக்க முடியாது.

கேள்வி: சாலை வேலை நடக்கும் இடத்தில் இரண்டு லேன் ஒன்றாகிறது. நாங்கள் எல்லோரும் முன்கூட்டியே ஒரே வரிசைக்கு வந்து நல்ல பிள்ளைகளாக நிற்கிறோம். சிலர் மட்டும் காலியாக இருக்கும் லேனில் கடைசிவரை போய் மூக்கை நுழைக்கிறார்கள். நான் இடமே கொடுப்பதில்லை. சரிதானே?
— வரிசை தவறாத வாசகர்

பதில்: உங்களுக்குப் பிடிக்காத பதில் வருகிறது. அவர்கள் செய்வதுதான் சரி.

ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது: லேன் முடிகிற இடம்வரை இரண்டிலும் ஓட்டி, அங்கே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜிப்பின் பற்கள் கோத்துக்கொள்கிற மாதிரி மாறி மாறி நுழையவேண்டும். முன்கூட்டியே ஒரே லேனுக்குப் போய்விட்டால் பாதிச் சாலை சும்மா கிடக்கும், வரிசை இரண்டு மடங்கு நீண்டு பின்னால் இருக்கும் சந்திப்பையும் அடைத்துவிடும். பொறாமைக்கும் அதுதான் காரணம், காலியாக ஒரு லேன் கிடந்தால் யாராவது ஒருவர் அதில் போகத்தான் செய்வார். எல்லோரும் இரண்டிலும் நின்றால் முந்திப் போக அங்கே என்ன இருக்கிறது?

இது நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான். சாலை காலியாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் இடம் கிடைத்ததும் முன்னாலேயே மாறிக்கொள்வது நல்லது. சாலையோர மண்ணில் இறங்கியும் எதிர்த்திசையில் ஏறியும் வந்து நுழைகிறவர்கள் கதை வேறு, அவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர்களை மறிப்பதற்காக முன்வண்டியின் பம்பரை உரசிக்கொண்டு நிற்கிறீர்கள் பாருங்கள், அதில் உங்களுக்கு மிஞ்சுவது கீறல்தான்.

கேள்வி: நான் எந்த லேனில் நின்றாலும் பக்கத்து லேன்தான் வேகமாகப் போகிறது. என் ராசியா?
— ராசியில்லாத வாசகர்

பதில்: எல்லோருக்கும் அதே ராசிதான். 1999-இல் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதற்கு விளக்கம் எழுதினார்கள். மெதுவாக நகரும்போது வண்டிகள் நெருங்கி நிற்கும், ஆகவே நீங்கள் பக்கத்து லேனில் பத்துப் பேரைச் சில நொடியில் தாண்டிவிடுவீர்கள். அவர்கள் நகரும்போது இடைவெளி விட்டு ஒவ்வொருவராகத் தாண்டுவார்கள், அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். இரண்டு லேனும் கடைசியில் ஒரே தூரம் போயிருந்தாலும், தாண்டப்பட்ட நேரம்தான் நீளமாக நினைவில் நிற்கும். தவிர, நீங்கள் தாண்டியவர்கள் பின்னால் போய் மறைந்துவிடுவார்கள், உங்களைத் தாண்டியவர்கள் கண் முன்னாலேயே இருப்பார்கள்.

மாறி மாறிப் பாய்ந்தால் நெரிசல் கூடத்தான் செய்யும். 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் இல்லை, குழிகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அதற்கடுத்தவர் நின்றேவிட்டார். நெரிசல் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. நீங்கள் குறுக்கே புகும்போது பின்னால் ஒருவர் அழுத்தும் பிரேக், நீங்கள் போனபிறகும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: ஒரே திசையில் இரண்டு லேன் உள்ள சாலை. ஒரு பெரியவர் கடக்கத் தயங்கி நின்றார். நான் வண்டியை நிறுத்தி, "போங்க ஐயா" என்று கை காட்டினேன். அவர் இறங்கி நடந்தார். பக்கத்து லேனில் வேகமாக வந்த பைக்காரர் கடைசி நொடியில் பிரேக் அடித்துவிட்டு, பெரியவரை விட்டுவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். நல்லது செய்ததற்கு இதுதான் கூலியா?
— திட்டு வாங்கிய வாசகர்

பதில்: நிறுத்தியது நல்லது. கை காட்டியதுதான் வம்பு.

உங்கள் வண்டி நின்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். பெரியவருக்கும் பைக்காரருக்கும் நடுவில் அது ஒரு சுவர். பைக்காரருக்குத் தெரிந்தது காரணமில்லாமல் நிற்கும் ஒரு கார், பெரியவருக்குத் தெரிந்தது உங்கள் சிரித்த முகமும் கையும். நீங்கள் கை காட்டியதும் அவர் தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு உங்களை நம்பிவிட்டார். உங்கள் லேனுக்குத்தான் உங்களால் உறுதி சொல்ல முடியும், பக்கத்து லேனுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்பீர்கள்? கடக்கும் கோட்டை ஒட்டி நிற்காமல் ஒரு வண்டி நீளமாவது பின்னாலேயே நின்றிருந்தால், பக்கத்தில் வருகிறவருக்கு ஆள் நடப்பது தெரிந்திருக்கும். கொஞ்சம் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்திருந்தால் பின்னால் வருகிறவர்களும் என்னவோ இருக்கிறது என்று சுதாரிப்பார்கள். நின்றபிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள், எப்போது நடப்பது என்பதை நடக்கிறவர் முடிவு செய்யட்டும்.

தாராள மனசுக்காரர்கள் பலர் செய்வது இதுதான். சந்திப்பில் முறைப்படி தன் முறை வந்திருக்கும், போகாமல் அடுத்தவருக்குக் கை காட்டுவார்கள். அவரோ முறை தெரிந்தவர், பதிலுக்கு இவருக்குக் கை காட்டுவார், கடைசியில் இருவரும் ஒன்றாகக் கிளம்பி நடுவில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். சாலையில் மரியாதை என்றால் விட்டுக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும், பாதி மரியாதை அதிலேயே முடிந்தது. திரும்புவதற்கு முன்னால் போடுகிற இண்டிகேட்டர் தகவல், திரும்பிக்கொண்டே போடுவது அலங்காரம்.

கேள்வி: இரவில் எதிரே வருகிறவர் ஹைபீமை இறக்குவதே இல்லை. நானும் பதிலுக்கு ஹைபீம் போட்டுவிடுகிறேன். தப்பா?
— இரவில் ஓட்டும் வாசகர்

பதில்: கண் தெரியாத ஒருவர் எதிரே வந்தால் ஆபத்து, சரி. இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போனால்? கூசிய கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த நொடிகளில் வண்டி பல மீட்டர் ஓடிவிடும். ஒரே ஒரு தடவை ஏற்றி இறக்கி நினைவூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் விளக்கைப் பார்க்காதீர்கள், உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உங்கள் முன்கண்ணாடி அழுக்காக இருந்தால் கூச்சம் இரண்டு மடங்கு தெரியும், அதையும் துடைத்துவிடுங்கள். இன்னொன்று, முன்னால் போகிறவருக்குப் பின்னாலிருந்து ஹைபீம் போடுவதும் அதே கொடுமைதான், அவர் கண்ணாடி வழியாக வாங்கிக்கொள்கிறார்.

கேள்வி: எதிரே வருகிறவர் விளக்கை ஒரு தடவை மின்னினால் "நீ போ" என்றா, "நான் வருகிறேன்" என்றா?
— குழம்பிய வாசகி

பதில்: ஊருக்கு ஊர் ஒன்று. பிரிட்டனின் அதிகாரபூர்வ சாலை விதிப் புத்தகம், "நான் இங்கே இருக்கிறேன்" என்பதற்கு மட்டும்தான் விளக்கை மின்னவேண்டும் என்கிறது, ஆனால் அங்கேயே மக்கள் "நீ போ" என்பதற்கும் மின்னுகிறார்கள். வேறு இடங்களில் அதே மின்னலுக்கு "குறுக்கே வந்துவிடாதே" என்று பொருள். ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல ஹசார்டு விளக்கைப் போட்டு அணைக்கும் பழக்கம் உண்டு. வண்டி நிஜமாகவே நிற்கிறதா என்று பாருங்கள். விளக்கை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: அபராதம், கேமரா எல்லாம் வந்தும் மக்கள் திருந்தக் காணோம். அபராதம் இல்லாமல் வேறு வழியில் யாராவது திருத்தியிருக்கிறார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1990-களில் மேயராக இருந்த அன்டானஸ் மோக்கஸ் உங்களைப் போல ஓர் ஆசிரியர், கணிதமும் தத்துவமும் படித்து, பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்தவர். அவர் சந்திப்புகளில் ஊமை நாடகக் கலைஞர்களை இறக்கிவிட்டார். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு அவர்கள் செய்ததெல்லாம், வரிக்கோட்டின் மேல் வண்டியை நிறுத்துகிறவர் முன்னால் போய்க் கன்னத்தில் கைவைத்துச் சோகமாகப் பார்ப்பது, கண்டபடி சாலையைக் கடக்கிறவருக்குப் பின்னாலேயே அவரைப் போலவே நடந்து காட்டுவது. பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அபராதத்தைவிட நாலு பேர் சிரிப்பது சுடும் என்பது மோக்கஸின் கணக்கு. மக்களுக்கு அட்டைகளும் கொடுத்தார், கட்டைவிரல் மேலே இருந்தால் சபாஷ், கீழே இருந்தால் சீச்சீ. திட்டுவதற்குப் பதில் ஜன்னல் வழியே அட்டையைக் காட்டலாம்.

பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2001 முதல் இளைஞர்கள் வரிக்குதிரை வேடம் போட்டுக்கொண்டு சந்திப்புகளில் ஆடிப்பாடி, பாதசாரிகளைக் கடக்க வைக்கிறார்கள். வரிக்குதிரையைப் பார்த்து யாரும் ஹாரன் அடிப்பதில்லையா என்று கேட்காதீர்கள், அடிப்பவர்கள் எங்கும் இருப்பார்கள். ஆனால் போலீஸ்காரரிடம் கோபப்படுவது சுலபம், குதித்துக்கொண்டிருக்கும் வரிக்குதிரையிடம் கோபப்படச் சங்கடமாக இருக்கும்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அடைத்துக்கொள்கிறோமே?
— ஒரு வாசகி

பதில்: சைரன் கேட்டபிறகு யோசித்தால் அப்படித்தான் ஆகும். ஜெர்மனியின் விரைவுச்சாலைகளில் வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே, சைரன் வருகிறதோ இல்லையோ, இடதுகோடி லேனில் இருப்பவர்கள் இடது ஓரமும் மற்ற எல்லோரும் வலது ஓரமும் ஒதுங்கி நடுவில் ஒரு வழி விட்டுவைக்கவேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரியாவும் 2012-இல் இதைக் கொண்டுவந்தது. உங்கள் நாட்டில் எது விதியோ அதைப் போய்ப் பாருங்கள். ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றிப் பலர் கொதித்து எழுதியிருந்தீர்கள், அச்சில் ஏற்றமுடியாத வார்த்தைகள் என்றாலும் உங்கள் பக்கம்தான் நான்.

கேள்வி: என் வாசலை மறித்து யாரோ ஒருவர் அடிக்கடி காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். ஆள் யாரென்றே தெரியவில்லை. அடுத்த முறை நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?
— பொறுமை இழந்த வாசகர்

பதில்: பிடுங்குங்கள். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு எடுக்க முடியாமல் சாயங்காலம்வரை உங்கள் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.